இரண்டு எபிசோடும் பிடித்திருந்தால் அரைப் புள்ளிதான்!

2025 ஹ்யூகோ விருதுக்கான இறுதி வாக்குப்பதிவு ஜூலை 23ஆம் தேதியோடு முடிகிறது என்று போன வாரம் நாலு வரிச் செய்தி போட்டோம். வந்த கடிதங்களைப் பார்த்தால், போடாமலே இருந்திருக்கலாம் போல.

குழப்பம் எல்லாம் ஒரே இடத்தில்தான். 90 நிமிடத்துக்கு உட்பட்ட படைப்புகளுக்கான பிரிவில் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கும் ஆறில் இரண்டு, ‘ஸ்டார் ட்ரெக்: லோயர் டெக்ஸ்’ தொடரின் கடைசி இரண்டு எபிசோட்கள். 2024 டிசம்பர் 12 அன்று வந்த ‘ஃபிஷர் க்வெஸ்ட்’ ஒன்று. அடுத்த வாரம், 19ஆம் தேதி, தொடரையே முடித்துவைத்த ‘தி நியூ நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ இன்னொன்று. ‘டாக்டர் ஹூ’விலிருந்தும் இரண்டு: ‘73 யார்ட்ஸ்’, ‘டாட் அண்ட் பபிள்’. மீதமுள்ளவை ‘ஃபால்அவுட்’ முதல் சீசனை முடித்த ‘தி பிகினிங்’, ‘அகாதா ஆல் அலாங்’கின் ஒன்பது எபிசோட்களில் ஏழாவதான ‘டெத்’ஸ் ஹேண்ட் இன் மைன்’.

ஒரே தொடருக்கு இரண்டு இடம் எப்படி, இரண்டுக்கும் ஓட்டுப் போட்டால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இரண்டும் தோற்காதா என்பதுதான் எல்லாக் கடிதங்களின் சாரம். இப்போது தோற்காது. மார்ச்சில், பரிந்துரைச் சுற்றில், தோற்றிருக்கலாம். இதை விளக்கத்தான் இந்தப் பக்கம் முழுவதும்.

இது உண்மையிலேயே ரசிகர்களின் விருதா?

அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்கு, அதாவது வேர்ல்ட்கானுக்கு, சந்தா கட்டிய ரசிகர்களின் விருது என்பது இன்னும் சரியான வர்ணனை. 2025 மாநாடு சியாட்டிலில். நேரில் போக வேண்டாம். 2025இல் சுமார் 50 டாலர் கட்டினால் வாக்குரிமை கிடைத்தது. பார்வையாளர் கருத்து என்று இந்த விருது எதைச் சொல்கிறதோ, அது சில ஆயிரம் பேரின் கருத்து. 2024இல் கிளாஸ்கோவில் வந்தவை நாலாயிரத்துக்கும் குறைவான வாக்குச் சீட்டுகள். அதில் 377 வாக்குகள் போலி என்று நிர்வாகிகளே தள்ளுபடி செய்ததும், யாரோ ஒருவரை ஜெயிக்கவைக்கப் பலருக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னதும் அவர்களுக்குப் பெருமை. அதற்கு முந்தைய ஆண்டு செங்டுவில் நடந்தது நேர் எதிர். அதைக் கடைசியில் பார்ப்போம்.

அந்த இரண்டு எபிசோடில் அப்படி என்ன இருக்கிறது?

தொடரைப் பார்த்தவர்களிடையே இரண்டு கட்சி இருக்கிறது. ‘ஃபிஷர் க்வெஸ்ட்’ கட்சிக்காரர்களுக்குக் காரக்கும் பஷீரும் போதும். பழைய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’ 1999இல் முடிந்ததிலிருந்து அந்த இருவருக்கும் நடுவே இருந்தது வெறும் நட்பு அல்ல என்று ரசிகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, வேறு பிரபஞ்சத்துக் காரக்கையும் பஷீரையும் தம்பதியாகக் காட்டி, பழைய நடிகர்கள் ஆண்ட்ரூ ராபின்சனையும் அலெக்சாண்டர் சித்திக்கையுமே குரல் கொடுக்கவைத்துவிட்டது இந்தக் கார்ட்டூன். இன்னொரு பழைய தொடரான ‘வாயேஜர்’ ஏழு சீசன் ஓடியும் பதவி உயர்வே காணாத ஹாரி கிம் இதில் கும்பலாக வருகிறார். அத்தனை கிம்மிலும் ஒரே ஒருவர்தான் லெஃப்டினன்ட், வில்லனும் அவரேதான். இந்த ஒரு நகைச்சுவைக்கே விருது கொடுக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து, கணக்கில் சேராது.

எதிர்க்கட்சி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. முடிவுக்கு ஒரு வாரம் முன்பு, ஐந்து சீசனாக நாம் பின்தொடர்ந்த மரினரையும் டெண்டியையும் ஓரம் கட்டிவிட்டு விருந்தாளிகளுக்குப் பந்தி வைப்பதா? பழைய தொடர்களைப் பார்க்காதவருக்கு இதில் பாதி வசனம் புரியாது. கடைசி எபிசோட்தான் வீட்டு மனிதர்களின் கதை: கேப்டன் ஃப்ரீமன் கப்பலை விட்டு இறங்குகிறார், ரான்சம் கேப்டனாகிறார், மரினரும் பாய்ம்லரும் தற்காலிக முதல் அதிகாரிகளாகிறார்கள். ஐம்பதாவது எபிசோடுக்கு வேறென்ன வேண்டும் என்கிறார்கள்.

இதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஐந்தாவது சீசனோடு தொடர் முடிகிறது என்று பாராமவுண்ட் பிளஸ் 2024 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. ஆகவே கடைசி எபிசோடுக்கு விழும் ஓட்டில் எத்தனை அந்த எபிசோடுக்கு, எத்தனை தொடரை நிறுத்தியவர்கள் மீதுள்ள கோபத்துக்கு என்று பிரிக்க முடியாது. கல்யாண வீட்டில் மொய் எழுதுவது சாப்பாட்டின் ருசிக்காக அல்லவே.

பழைய முடிவுகளிலும் கடைசி எபிசோட்களின் கையே ஓங்கியிருக்கிறது. 2015 முதல் 2024 வரை பத்து ஆண்டுகளில் இந்தப் பிரிவில் வென்றவற்றில் ஆறு, சீசனின் அல்லது தொடரின் கடைசி எபிசோட்கள். ‘தி எக்ஸ்பான்ஸ்’ மட்டும் மூன்று முறை வென்றது. மூன்றும் சீசன் முடிவுகள். ‘தி குட் பிளேஸ்’ 2021இல் தன் கடைசி எபிசோடால் வென்றது. ஆனால் இன்னும் பின்னோக்கிப் போனால் 1968இல் இறுதிக்கு வந்த ஐந்துமே ‘ஸ்டார் ட்ரெக்’. வென்ற ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ முதல் சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோட்.

சரி, மார்ச்சில் என்ன நடந்தது?

இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவலாம்.

பழைய முறை எளிது. ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பெயர் பரிந்துரைக்கலாம். அதிகம் பேர் எழுதியவை இறுதிக்கு வரும். 2015இல் ‘பப்பிஸ்’ என்று தங்களுக்குச் செல்லப்பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டம் இதிலிருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு பெயரை எழுதிச் சிதறிக் கிடக்கும்போது, ஒரு சிறு கூட்டம் ஒரே பட்டியலை அச்சுப்பிசகாமல் எழுதினால் ஐந்து இடத்தையும் அள்ளிவிடலாம். அள்ளினார்கள். கொதித்துப்போன மற்ற வாக்காளர்கள் இறுதிச் சுற்றில் ஐந்து பிரிவுகளில் யாருக்கும் விருது இல்லை என்று தீர்த்துக்கட்டினார்கள்.

அதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் 2017 முதல் நடைமுறையில் இருக்கும் ‘இ ப்ளூரிபஸ் ஹ்யூகோ’. அமெரிக்க முத்திரையில் உள்ள லத்தீன் வாசகத்தை வைத்துச் செய்த சிலேடை. பெயர்தான் விளையாட்டு, கணக்கு கெட்டி.

ஒரு பிரிவுக்கு ஒருவருக்கு ஒரே புள்ளி. ஒரு எபிசோடை மட்டும் எழுதினால் முழுப் புள்ளியும் அதற்கு. இரண்டு எழுதினால் ஆளுக்கு அரை. ஐந்து எழுதினால் ஐந்தில் ஒரு பங்கு. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் மிகக் குறைந்த புள்ளி பெற்ற இரண்டை எடுத்து எதிரெதிரே நிறுத்துகிறார்கள். வெளியேறுவது இவற்றில் புள்ளி குறைந்தது அல்ல. குறைவான பேர் எழுதியது. அதாவது, யார் கழுத்தில் கத்தி என்பதைப் புள்ளி சொல்கிறது. கத்தி இறங்குவது யார்மேல் என்பதைத் தலைக்கணக்கு சொல்கிறது. வெளியேறியதில் முடங்கிய பங்கு, அதே சீட்டில் மிஞ்சியிருக்கும் பெயர்களுக்குத் திரும்பிப் போகும். ஆறு மிஞ்சும்வரை இதே கதை.

நிஜ எண்கள் விருது விழா முடிந்த பிறகுதான் வெளிவரும். அதனால் நானே ஒரு கணக்குப் போடுகிறேன். கடைசி எபிசோடை 110 பேர் எழுதுகிறார்கள். அவர்களில் 100 பேர் ‘ஃபிஷர் க்வெஸ்ட்’டையும் சேர்த்து எழுதுகிறார்கள். வேறு ஒரு தொடரின் எபிசோடை 65 பேர், அதை மட்டும், எழுதுகிறார்கள். மூன்று மிஞ்சியிருக்கின்றன, இடம் இரண்டு என்று வையுங்கள். ‘ஃபிஷர் க்வெஸ்ட்’டுக்கு 50 புள்ளி. கடைசி எபிசோடுக்கு அந்த 50உம், தனியாக எழுதிய பத்துப் பேரின் 10உம் சேர்த்து 60. வேற்றுத் தொடருக்கு 65. அடிமட்டத்தில் நிற்கும் இரண்டும் அண்ணன் தம்பி. தலைக்கணக்கு 100க்கு 110. ‘ஃபிஷர் க்வெஸ்ட்’ வெளியே.

நூறு பேர் எழுதியது போய்விட்டது, 65 பேர் எழுதியது உள்ளே இருக்கிறது. அது மேடைக்கே வரவில்லை; அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்வதை ஓரமாக நின்று பார்த்தது, அவ்வளவுதான். வெளியேறிய ‘ஃபிஷர் க்வெஸ்ட்’டின் 50 புள்ளி கடைசி எபிசோடுக்குத் திரும்பி, அது 110 ஆகிவிடுகிறது. ரசிகர்களின் சக்தி வீணாகவில்லை, ஒரே குடத்தில் ஊற்றப்பட்டது என்பார்கள் இந்த முறையை வகுத்தவர்கள். உண்மைதான். ஒரு கூட்டத்துக்கு அதன் பருமனுக்கு ஏற்ற இடம் கிடைக்க வேண்டும், எல்லா இடமும் அல்ல என்பதே அவர்கள் நோக்கம். அதை இவ்வளவு அழகாக, யாருடைய சீட்டையும் கிழிக்காமல், யாரையும் சதிகாரர் என்று கை நீட்டாமல் சாதித்திருக்கிறார்கள்.

என்னை உறுத்துவதும் அதேதான். கணக்குக்குக் கண் இல்லை. யாரோ கொடுத்த பட்டியலைப் பார்த்து எழுதியவர் சீட்டும், டிசம்பரில் இரண்டு வியாழக்கிழமை கண் கலங்கிவிட்டு மனதார இரண்டு பெயரையும் எழுதியவர் சீட்டும் அதற்கு ஒன்றே. ஒரு தொடரின் கடைசி எபிசோட்கள்தான் இதில் அதிகம் மாட்டும். ஒன்றைப் பிடித்தவருக்குப் பெரும்பாலும் அடுத்ததும் பிடிக்கும். சீட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். உங்கள் கட்சியில் எல்லோரும் ஒன்று கூடி, ‘ஒன்றை மட்டும் எழுதுவோம்’ என்று முடிவெடுத்தால் அதற்கு முழுப் புள்ளி கிடைக்கும். ஆனால் கூடிப் பேசி எழுதுவதைத் தடுக்கத்தானே இந்த முறையே வந்தது!

2025இல் இரண்டும் தப்பித்துவிட்டன என்பது வேறு விஷயம். தொடரை விட்டுக் கொடுக்காதவர்கள் ஏராளமாக இருந்திருக்க வேண்டும். அல்லது இரண்டு கட்சிகளும் தனித்தனிச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். எது என்று ஆகஸ்ட் 16 விழாவுக்குப் பிறகு எண்கள் சொல்லும்.

மூன்றாவது எபிசோட் வந்திருந்தால்?

வர முடியாது. ஒரே தொடருக்கு ஒரு பிரிவில் அதிகபட்சம் இரண்டு என்று தனி விதி இருக்கிறது. 2013இல் இறுதிக்கு வந்த ஐந்தில் மூன்று ‘டாக்டர் ஹூ’. அந்தக் காலம் முடிந்தது. (அந்த ஆண்டு வென்றது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ இரண்டாம் சீசனின் ஒன்பதாவது எபிசோட் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இப்போது இரண்டுக்கும் போட்டால் ஓட்டுச் சிதறாதா?

சிதறாது. இறுதிச் சுற்று விருப்ப வரிசை வாக்கு. குடியரசுத் தலைவர் தேர்தல் போல. ‘ஃபிஷர் க்வெஸ்ட்’டுக்கு 1, கடைசி எபிசோடுக்கு 2 என்று போட்டால், முதலாவது வெளியேறும்போது உங்கள் ஓட்டு முழுசாக, அரையாக அல்ல, இரண்டாவதுக்குப் போகும். மார்ச்சில் அபராதம் கட்டவைத்த அதே ஆசைக்கு ஜூலையில் அபராதம் இல்லை.

‘யாருக்கும் விருது இல்லை’ என்ற கட்டம் எதற்கு?

நம்மூர் நோட்டா போலத்தான், ஆனால் பல் உள்ள நோட்டா. அது ஜெயித்தால் உண்மையிலேயே யாருக்கும் கிடையாது.

செங்டுவில் என்ன ஆயிற்று?

‘தி சாண்ட்மேன்’ ஆறாவது எபிசோட் உள்படச் சிலவற்றைப் போதிய பரிந்துரை இருந்தும் ‘தகுதியற்றவை’ என்று தள்ளினார்கள். கேட்டதற்கு, விதிகளைப் பார்த்தோம், தகுதி இல்லை என்றே பதில் வந்தது. எந்த விதி என்று யாருக்கும் திருப்தியாகச் சொல்லவில்லை. போட்டியாளர்களின் அரசியல் பற்றி நிர்வாகிகள் குறிப்பெடுத்துச் சேர்த்தது 2024 பிப்ரவரியில் கசிந்த மின்னஞ்சல்களில் தெரியவந்தது. எவ்வளவு கெட்டியான கணக்கும் சீட்டை எண்ணுபவர் கைக்கு உட்பட்டதுதான்.

2025இல் நிர்வாகிகள் விலகினார்களாமே?

ஆம், மே மாதம் மூவர். மாநாட்டில் பேச வருபவர்களைச் சலிக்க சாட்ஜிபிடியைப் பயன்படுத்திய சர்ச்சைக்குப் பின். விருதுக் கணக்கில் அதைப் பயன்படுத்தவில்லை என்கிறார்கள்.

ஆறையும் பார்க்காமல் ஓட்டுப் போடலாமா?

தடுக்க யாரும் இல்லை.

எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட வேண்டுமா?

வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் போட்டாலும் செல்லும்.

போட்டதை மாற்றலாமா?

கெடு முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும்.

இந்தியாவில் கெடு எப்போது?

சியாட்டில் கணக்கில் 23ஆம் தேதி இரவு 11.59. இங்கே ஜூலை 24, பகல் 12.29.