சீட்டைப் பிரித்தால் அதே பாட்டு!

பெங்களூரில் ராக் குழு பாடும் இடம் எதுவானாலும் சரி, அரை மணி நேரத்தில் மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு போகும். கச்சேரியில் துக்கடா கேட்டு நம்மவர்கள் சீட்டு அனுப்புவார்களே, அதுபோலத்தான். சீட்டைப் பிரித்தால் 'ஓட்டல் கலிபோர்னியா'!

அமெரிக்காவின் 'ஈகிள்ஸ்' குழு பாடியது. 1976-ம் ஆண்டு டிசம்பரில் இசைத்தட்டாக வெளிவந்தது. 1978-ல் கிராமி விருதும் பெற்றது. ஆறரை நிமிடப் பாட்டு.

மோசமான பாட்டா? இல்லை. கடைசி இரண்டு நிமிடம் டான் பெல்டரும் ஜோ வால்சும் கிடாரில் மாறி மாறி வாசிப்பது, ஜோடி நாதசுரம் கேட்பது போல இருக்கும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். பாடும்வரை கூடவே கத்துகிற கூட்டம், அந்த இடம் வந்ததும் பேசத் தொடங்கி விடுகிறது!

புகையும் ஏரியும்

அடுத்த சீட்டு, 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் 1971 டிசம்பர் 4-ந் தேதி ஒரு சூதாட்ட விடுதி தீப்பற்றி எரிந்தது. புகை ஏரியின் மேல் பரவியது. அதைப் பார்த்த 'டீப் பர்ப்பிள்' குழுவினர் பாட்டாக்கி விட்டார்கள். கிடார் பழக வரும் பையன் முதலில் வாசிப்பது இதைத்தான். அவ்வளவு சுலபம். தகுதிக்கு மீறிய புகழ் என்று நான் சொல்வது இதற்குத்தான். இதே இசைத்தட்டில் உள்ள 'ஹைவே ஸ்டார்' பாட்டில் ஜான் லார்டின் ஆர்கனும் பிளாக்மோரின் கிடாரும் போடும் போட்டிக்கு இது உறை போடக் காணாது. அதை யாரும் கேட்பதில்லை.

'லெட் செப்பலின்' குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' எட்டு நிமிடம் ஓடும். டிரம்ஸ் சேருவதே நாலு நிமிடத்துக்குப் பிறகுதான். அந்தப் பொறுமைக்காக அது பிழைத்துப் போகட்டும்.

சொந்தப் பாட்டு எங்கே?

பெங்களூர் ரசிகர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. 2003-ல் 'ரோலிங் ஸ்டோன்ஸ்', 2007-ல் 'அயர்ன் மெய்டன்', 2011-ல் 'மெட்டாலிகா' என்று அரண்மனை மைதானத்தில் நேரில் பார்த்தவர்கள். 1996-ல் இங்கே தொடங்கிய 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' போன்ற குழுக்கள் சொந்தமாகவே பாட்டுக் கட்டுகின்றன. 1970-களில் 'ஹியூமன் பாண்டேஜ்' ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்த ரமேஷ் சோதம் சென்னையில் பிறந்தவர். அவர் தவில் கற்றது இந்தப் பெங்களூரில், கர்நாடகா காலேஜ் ஆப் பெர்கஷனில்! இப்படிப்பட்ட ஊரில் வளரும் பையன்கள், வாரா வாரம் அடுத்தவர் பாட்டையே வாசித்துக் கை ஓய்கிறார்கள். அவர்கள் பாட்டை எப்போது கேட்பது?

போன மாதம் நானும் ஒரு சீட்டு அனுப்பினேன். "உங்கள் சொந்தப் பாட்டு ஒன்று" என்று எழுதியிருந்தேன். கிடார் வைத்திருந்த பையன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு டிரம்ஸ்காரரிடம் காட்டினான். பாடினார்கள். நடுவில் ஒரு இடத்தில் தாளம் தடுமாறியது. நாலு மேஜைக்காரர்கள் கை தட்டினார்கள்.