மகவு ஆணாவதும் பெண்ணாவதும் எவ்வாறு?

பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டமாயினும் சமவெளி ரப்பர்த் தோட்டமாயினும், அடுத்தடுத்துப் பெண்மகவு பிறந்தால் தாயைப் பழிக்கும் பேச்சை நாம் கேட்டதுண்டு. இப்பழி நியாயமானதா? கரு உருவாகும் முறையை அறிந்தால் விடை விளங்கும்.

பெண்ணின் சூலகத்திலிருந்து மாதந்தோறும் பொதுவாக ஒரு சினைமுட்டை வெளிவருகிறது. அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாள் முன்னர் இது நிகழும். அம்முட்டை 24 மணி நேரம் வரையே உயிர்த்திருக்கும். பெண்ணுடலில் புகுந்த விந்தணுவோ 5 நாள் வரை வாழக்கூடும். பல கோடி விந்தணுக்கள் புறப்பட்டாலும், கருக்குழாயிலுள்ள முட்டையை மிகச் சிலவே நெருங்குகின்றன. அவற்றுள் ஒன்று உட்புகுந்ததும் முட்டையின் உறை இறுகி மற்றவற்றைத் தடுத்துவிடுகிறது. இவ்வாறு உருவான கரு ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருப்பையில் பதிகிறது.

இக்கருவுக்குத் தாய் 23, தந்தை 23 எனக் குரோமோசோம்களை அளிக்கின்றனர். இருவர் தருவதிலும் ஒவ்வொன்று பாலினத்துக்குரியது. தாய் தருவது எப்போதும் எக்ஸ். தந்தையின் விந்தணு எக்ஸ் கொணர்ந்தால் பெண். ஒய் கொணர்ந்தால் ஆண். பாலினத்துக்கும் குரோமோசோமுக்கும் உள்ள தொடர்பை 1905ஆம் ஆண்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி வண்டினத்தை ஆராய்ந்து வெளியிட்டார்.

அதற்காகத் தந்தையையும் பழித்தல் தகாது. எவ்விந்தணு முந்தும் என்பது எவர் கையிலும் இல்லை.

ஓராண்டு கடந்தும் கருவுறாவிடில், கணவன் மனைவி இருவருமே அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடுதல் வேண்டும். குறை ஆணிடமும் இருக்கக்கூடும். பெற்ற தாயைத் தூற்றாது, பிறந்த மகளைப் பள்ளிக்கு அனுப்பிப் பேணுவோமாக.