ஆய்வேடு என்னும் நெடும்பணி – 6: வாவியைக் கடக்கும் நோயாளர்

சென்ற வாரம் தலைப்பைச் சுருக்குவது பற்றிப் பேசினோம். "மட்டக்களப்பு மாவட்டத்தின் சுகாதார நிர்வாகம்" என்று விண்ணப்பப் படிவத்தில் எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். அதற்குள் பத்து ஆய்வேடுகள் அடங்கும். ஒருவரால் ஒன்றைத்தான் முடிக்கலாம். ஆகவே இந்த வாரம் ஒரே ஒரு கேள்வி. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வைத்தியசாலைகள் இருக்கும்போது, அங்குள்ளவர்கள் ஏன் வாவியைக் கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வருகிறார்கள்?

கேட்டால் உடனே பதில் வரும். "ஆசுபத்திரி கிட்டத்தான் மகள். போனா டொக்டர் நிப்பாரோ, மருந்து இருக்குமோ தெரியாது. அதான் நேரே ரவுணுக்கே போறம்." இந்தப் பதிலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இலங்கையில் அரச வைத்தியசாலை எதற்கும் கடிதமில்லாமலே போகலாம். அதனால் சிறிய வைத்தியசாலையைத் தாண்டிப் பெரியதற்குப் போவது நாடு முழுவதும் உள்ள வழக்கம். மட்டக்களப்பில் இடையே ஒரு வாவி கிடக்கிறது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கிழக்குக் கரையான எழுவான்கரையில் கல்முனை வீதியும் கடைத்தெருவும் பெரிய வைத்தியசாலைகளும். படுவான்கரையில் வயலும் குளமும், மகிழடித்தீவு போன்ற சிறிய வைத்தியசாலைகளும்.

மண்முனைத்துறையில் 2014 இல் ஜப்பானிய உதவியுடன் பாலம் திறக்கப்படும்வரை அங்கே 'பாதை' எனப்படும் மிதவையில்தான் கடக்க வேண்டியிருந்தது. பிரசவ வலியோடு வந்த பெண்ணும் பாதை அக்கரையில் நின்றால் காத்துத்தான் இருந்தாள். தடீயஸ், மேயின் என்ற இரு ஆய்வாளர்கள் தாய் மரணங்கள் குறித்து 1994 இல் எழுதிய கட்டுரையில் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: போவதா என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேருவதில் ஒன்று, சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. மண்முனைப் பாலம் இரண்டாவதைக் குறைத்தது. அது பெரிய நன்மை, சந்தேகமில்லை.

ஆனால் பாலம் இரு பக்கமும் திறக்கிறது. ரவுணுக்குப் போவது எளிதானால் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு வருவோர் குறையலாம். வருவோர் குறைந்தால் அடுத்த ஆண்டுக்கான மருந்து மதிப்பீடும் குறையும், ஏனெனில் அது கடந்த ஆண்டின் பாவனையைப் பார்த்துத் தயாரிக்கப்படுகிறது. மருந்து குறைந்தால் இன்னும் சிலர் பாலத்தைத் தாண்டுவார்கள். இப்படி நடந்ததா, அல்லது மருத்துவர்கள் தினமும் ரவுணிலிருந்து வந்துபோக முடிந்ததால் சிறிய வைத்தியசாலை வலுப்பெற்றதா? இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. விடை முன்கூட்டியே தெரியாத இப்படியொரு கேள்விதான் முனைவர் பட்டத்துக்குத் தகும். பாலம் திறந்த மாதத்தை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் மாதாமாதம் வெளிநோயாளர் எத்தனை, பிரசவம் எத்தனை, இடமாற்றி அனுப்பப்பட்டோர் எத்தனை என்று வரிசைப்படுத்தினால் போதும். புதிய கருவி எதுவும் வேண்டாம். பழைய பதிவேடுகள் வேண்டும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பின்னத்தின் தொகுதியை எண்ணிவிட்டுப் பகுதியை மறந்துவிடுகிறார்கள். வைத்தியசாலைக்கு வந்தோர் தொகை கூடியது என்றால், ஊரில் ஆட்கள் கூடினார்களா என்று முதலில் கேட்க வேண்டாமா? 1981 க்குப் பிறகு மட்டக்களப்பு மாவட்டம் முழுமையான குடிசனக் கணக்கெடுப்புக்கு மீண்டும் உட்பட்டது 2012 இல்தான். 2001 கணக்கெடுப்பு போரினால் இங்கு முழுமை பெறவில்லை. இடையே 2004 சுனாமி, 2006–07 இல் படுவான்கரையிலிருந்து பெரும் இடப்பெயர்வு, பிறகு மீள்குடியேற்றம். 2008 இல் ஒரு வைத்தியசாலையில் நோயாளர் பெருகியிருந்தால், அது சேவை சிறந்ததன் அடையாளமா, சனம் ஊர் திரும்பியதன் அடையாளமா? குடும்பநல உத்தியோகத்தர் தம் பிரிவின் குடும்பங்களைப் பதிந்துவைத்திருக்கும் ஏடுகள்தான் இந்த இடைவெளியை நிரப்பக்கூடும். என் பார்வையில், வினாக்கொத்து எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த ஏடுகள் எங்கெங்கே தப்பியிருக்கின்றன என்று போய்ப் பார்ப்பதே.

நிர்வாக எல்லையும் குழப்பும். நாட்டில் 25 மாவட்டங்கள். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பிரிவுகளோ 26. அம்பாறை மாவட்டத்துக்குள் கல்முனை தனிப் பிரிவு. வாவியின் தென்முனையில் உள்ள ஊரார் களுவாஞ்சிகுடிக்கும் போகலாம், கல்முனைக்கும் போகலாம். மட்டக்களப்புப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்தால் அவர்களில் ஒரு பகுதியினர் கணக்கிலேயே வரமாட்டார்கள். அதோடு போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், சிறிய வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். அனுமதிக் கடிதங்கள் தனித்தனி மேசைகளுக்குப் போகும். ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதலும் சேர்ந்தால் மாதங்கள் ஓடும்; அட்டவணையில் அதற்கு இடம் விடுங்கள்.

அட்டவணை என்றதும் ஊர் நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். கார்த்திகை முதல் தை வரை மழை. படுவான்கரையின் பல வீதிகள் நீருக்குள். பின் பெரும்போக வெட்டு, ஆட்கள் வயல் வாடியில். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. வீடு வீடாகப் போகும் வேலைக்கு மிஞ்சுவது சில மாதங்களே.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. சுகாதார நிர்வாகத்தில் ஆய்வு செய்வோரில் பலர் ஏற்கெனவே மருத்துவ அதிகாரிகள். தமக்குக் கீழ் வேலை செய்யும் தாதியிடம் "விரும்பினால் மட்டும் பதில் சொல்லுங்கள்" என்றால், அவர் எப்படி மறுப்பார்? பேட்டியை வெளியாள் ஒருவர் எடுக்கட்டும்; பெயரில்லாத தாளில் எடுக்கட்டும். பயந்து சொன்ன பதில்களை வைத்து எழுதிய ஆய்வேட்டைத் தேர்வாளர் ஏற்றாலும் அது அந்த வைத்தியசாலைக்கு உதவாது.

முடிந்ததும் ஆங்கில ஆய்வேடு நூலகத்துக்குப் போகும். அதன் சாரத்தை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, ஏடுகளைத் தேடியெடுத்துத் தந்த குடும்பநல உத்தியோகத்தருக்கும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவுக்கும் கொடுக்கும் நாளையும் அட்டவணையின் கடைசி வரியாக இப்போதே எழுதிவையுங்கள். அந்த ஏடுகளிலிருந்து மாதாந்தத் தொகைகளைப் பிரித்தெடுப்பது எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்.