தேடல் முடிவுகளைத் தரும் ஏபிஐ: விலையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

கூகுளில் ஒரு சொல்லைத் தேடினால் எந்தத் தளம் முதலில் வருகிறது, எது பத்தாவதாக வருகிறது? ஒரு சொல் என்றால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். தினமும் ஆயிரம் சொற்களுக்குப் பார்க்கணும்னா? அதற்குத்தான் ‘செர்ப் ஏபிஐ’ சேவைகள். நம் மென்பொருள் தேடல் சொல்லை அனுப்பினால், முடிவுப் பக்கத்தில் உள்ள தலைப்பு, இணைப்பு, வரிசை எண், விளம்பரம் எல்லாவற்றையும் பிரித்து ஜேசான் வடிவில் அனுப்பிவிடும்.

எஸ்இஓ கருவிகள் முதல் ஏஐ சாட்பாட்கள் வரை பலவும் இவற்றை நம்பி ஓடுகின்றன. ஆனால், டெவலப்பர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. ‘இந்தத் தரவு எங்கிருந்து வருது?’ என்பதைத்தான்.

மூன்று வழிகள்

முதல் வழி, தேடுபொறியே தரும் அதிகாரபூர்வ ஏபிஐ. கூகுளின் ‘கஸ்டம் சர்ச்’ ஏபிஐ நாளுக்கு 100 தேடல்களை இலவசமாகவும், அதற்கு மேல் 1,000 தேடலுக்கு 5 டாலர் கட்டணத்திலும் தந்துவந்தது. இப்போது புதியவர்களைச் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே பயன்படுத்துவோரும் 2027 ஜனவரி 1-க்குள் வேறு சேவைக்கு மாற வேண்டும்.

இரண்டாவது, சொந்தமாக இணையத்தை அலசி வைத்திருக்கும் நிறுவனங்கள். பிரேவ் இதற்கு உதாரணம். சாட்பாட்டுக்குப் பதில் தேடித் தர இது போதும். ஆனால் ‘கூகுள்ல என் தளம் எத்தனாவது இடம்?’ என்ற கேள்விக்கு இதில் விடை கிடைக்காது.

மூன்றாவது, கூகுள் பக்கத்தைத் தானியங்கியாகத் திறந்து, அதிலிருந்து தரவை உருவி விற்கும் நிறுவனங்கள். சந்தையில் ‘செர்ப் ஏபிஐ’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

கதவு மூடினால்?

2002-ல் கூகுள் ஒரு தேடல் ஏபிஐயைக் கொடுத்தது. 2006-ல் புதிய சாவிகள் வழங்குவதை நிறுத்தி, 2009-ல் மூடியே விட்டது. மைக்ரோசாஃப்ட், பிங் தேடல் ஏபிஐகளை 2025 ஆகஸ்ட் 11-ல் நிறுத்தியது. மாற்றாக அது காட்டிய ஏஐ சேவை, பழையபடி முடிவுகளின் பட்டியலைத் தருவதில்லை.

உருவித் தரும் நிறுவனங்களுக்கும் நெருக்கடிதான். ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் கேட்கும் வசதியை 2025 செப்டம்பரில் கூகுள் எடுத்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தினமும் 500 சொற்களுக்கு முதல் 100 இடங்களைக் கண்காணிக்க, முன்பு மாதம் 15,000 கோரிக்கைகள் போதும். இப்போது பக்கத்துக்கு 10 வீதம் 1,50,000! அதே டிசம்பரில், தன் பாதுகாப்பு ஏற்பாடுகளை மீறித் தரவை எடுத்ததாக ‘செர்ப்ஏபிஐ’ நிறுவனத்தின் மீது கூகுள் அமெரிக்காவில் வழக்கும் தொடுத்தது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* எதற்குக் காசு? தோல்வியடைந்த கோரிக்கைக்கும் கட்டணம் உண்டா, இரண்டாம் பக்கம் தனிக் கணக்கா, மிச்சமான தேடல்கள் அடுத்த மாதத்துக்கு வருமா என்று கேளுங்கள்.

* உடனே வேண்டுமா? சில நிறுவனங்கள் உடனடி முடிவுக்கு ஒரு விலையும், வரிசையில் காத்திருந்து பெற அதைவிடக் குறைந்த விலையும் வைத்திருக்கின்றன. இரவில் ஓடும் அறிக்கைக்கு எதற்கு உடனடி விலை?

* ஊரும் மொழியும் சரியா? மதுரையில் ‘பல் மருத்துவர்’ என்று தேடினால் வருவதும் சென்னையில் வருவதும் ஒன்றல்ல. நகரம், மொழி, மொபைலா கணினியா என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிட முடிய வேண்டும். தமிழ்ச் சொற்களைக் கொடுத்தும் சோதியுங்கள்.

* எவை பிரிந்து வருகின்றன? வரைபடம், விளம்பரம், ஏஐ சுருக்கம் ஆகியவை தனித்தனியாக வராவிட்டால் வரிசை எண்ணே தப்பாகிவிடும்.

* சட்டப் பொறுப்பு யாருக்கு? ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என்ன செய்யலாம்?

விளம்பரப் பக்கத்தை நம்பாமல், உங்கள் வேலைக்கு நிஜமாகத் தேவைப்படும் 50 சொற்களை இரண்டு நிறுவனங்களில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதே ஊர், அதே மொழியில் பிரவுசரில் வருவதோடு ஒப்பிடுங்கள். எத்தனை முறை தாமதம், எத்தனை முறை வெறும் கை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், ஏபிஐயை அழைக்கும் பகுதியை நிரலில் ஒரே இடத்தில் வைப்பது. வரும் தரவை உங்கள் சொந்த வடிவத்துக்கு மாற்றிய பிறகே மற்ற பகுதிகளுக்குக் கொடுங்கள். நாளைக்கே அந்தச் சேவை நின்றுபோனால் அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதும். இல்லாவிட்டால், மொத்த நிரலிலும் கை வைக்க வேண்டியிருக்கும். ஆயிரம் தேடலுக்குச் சில சென்ட் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு வாரத்திலேயே போய்விடும்.