சுமக்கும் சில்லைக் கவனித்தீர்களா?

அலுமாரி, குளிர்சாதனப்பெட்டி, குழந்தையின் தொட்டில், நோயாளியின் கட்டில் யாவும் இன்று சில்லுப் பூட்டியே விற்பனைக்கு வருகின்றன. பொருளின் நிறத்தையும் விலையையும் பலமுறை விசாரிக்கும் நம்மவர், அதனைத் தாங்கும் சில்லு எதனாலானது என்று குனிந்து பார்ப்பது அரிது.

முதலில் தரையைப் பார்த்தல் வேண்டும். சீமெந்துத் தரைக்கும் தரையோட்டுக்கும் மென்மையான சில்லே ஏற்றது. கம்பளத்திற்கு வன்மையானது ஏற்றது. மெத்தென்ற கம்பளத்தில் மென்சில்லு இழுபடும். வன்தரையில் வன்சில்லு இரைவதோடு தரையையும் கீறும். கதிரைகளுக்குப் பூட்டப்பெறும் நைலோன் சில்லு பெரும்பாலும் கம்பளத்தைக் கருதியே செய்யப்படுவது. நம் வீடுகளில் கம்பளம் எங்கே? மினுக்கிய செஞ்சீமெந்துத் தரையில் கோடு விழுந்தபின் மெழுகைக் குறை கூறி என்ன பயன்!

இறப்பரோ நமக்குப் பழக்கமான பொருள். 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த நாற்றுக்கள் கம்பஹாவையடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இறப்பர் சில்லு ஓசையின்றி ஓடும். எனினும் எண்ணெய் பட்டால் ஊதி இளகும். பாரத்துடன் நெடுநாள் அசையாது நின்றால் அடி தட்டையாகும். கறுப்பு இறப்பர் வெண்டரையில் கறையிடும்.

இக்குறைகள் பொலியூரித்தேன் சில்லுக்குக் குறைவு. ஆனால் அதில் பொலியெஸ்டர் இனம், பொலியீதர் இனம் என இரண்டுண்டு. முன்னையது ஈரவெப்பத்தில், உபயோகியாது வைத்திருந்தாலுங்கூட, காலப்போக்கில் வெடித்து உதிரும். நமது சுவாத்தியத்துக்குப் பின்னையதையே கேட்டு வாங்குக. பேக்கரிப் போறணைக்குள் செல்லும் தட்டு வண்டிக்கு இவை எவையும் உதவா. வெப்பந் தாங்கும் பீனோலிக் பிசின் சில்லோ வார்ப்பிரும்புச் சில்லோ வேண்டும்.

நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரிப்போர் நாம் இனிக் கூறுவதைச் சிறப்பாகக் கவனிப்பாராக. கட்டிலின் பிறேக்கை அழுத்தினால் சில்லு சுழலாது. ஆனால் வழுக்காது என்பதில்லை. மினுக்கிய தரையில் நைலோன் சில்லு, பூட்டியபடியே சறுக்கும். முதியவரொருவர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழும் வேளையில் அது நான்கு விரற்கடை நகர்ந்தாலே போதும், இடுப்பெலும்பு முறிந்துவிடும். ஆகவே கட்டிலுக்கு இறப்பரோ பொலியூரித்தேனோ பூட்டிய சில்லையே தெரிவு செய்க. நோயாளியைக் கிடத்துமுன், நான்கு சில்லுகளையும் பூட்டி, பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள். தரை ஈரமாயிருக்கையிலும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

சக்கர நாற்காலியின் முன் சில்லும் இத்தகையதே. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இலேசாக ஓடும் ஒடுங்கிய வன்சில்லு, யாழ்ப்பாணத்து மணல் முற்றத்தில் புதைந்து நிற்கும். நாற்காலி நிற்க, இருப்பவர் முன்னே சரிவார். மணற்பாங்கான ஊர்களுக்கு அகன்ற, பெரிய, மென்மையான முன் சில்லே தகும். அது கிடைக்காவிடின், மணலைக் கடக்கையில் நாற்காலியைத் திருப்பி, பெரிய பின்சக்கரங்கள் முதலிற் செல்லுமாறு பின்னோக்கி இழுத்துச் செல்க.

பாரக் கணக்கிலும் ஒரு நுட்பமுண்டு. கட்டிலும் ஆளுமாக 150 கிலோ எனின், நான்கால் வகுத்து 37½ கிலோ தாங்குஞ் சில்லை வாங்கலாகாது. மேடுபள்ளமான தரையில் ஒரு சில்லு எப்போதும் அந்தரத்தில் நிற்குமாதலால் மூன்றால் வகுத்து, 50 கிலோவுக்குக் குறையாதது வாங்குக.