காலித் துறைமுகத்தின் அடியில்

இலங்கையின் தென்கரையிலுள்ள காலி நகருக்குச் சென்று வந்தவர்கள் நம்மிடையே பலர் உளர். 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட கோட்டை மதிலையும், அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் கலங்கரை விளக்கையும் கண்டு வியந்து திரும்புகிறோம். அம்மதிலின் கீழ் அலையெறியும் நீருக்குள், 20க்கும் மேற்பட்ட இடங்களில் பழங்காலக் கப்பல்களின் சிதைவுகளும் நங்கூரங்களும் கிடக்கின்றன என்பதை அறிந்தோர் சிலரே. அக்கடலடிச் செல்வத்தைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலமென்று கருதி இதனை எழுதுகின்றோம்.

காலி எத்துணைப் பழைய துறைமுகம் என்பதற்கு ஒரு கல்லே சான்று பகரும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டில் பொறிக்கச் செய்து இங்குக் கொணர்ந்த அக்கல்வெட்டில், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் உள்ளன. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேவந்துறையின் தென்னாவர நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைகள் கூறப்பட்டுள்ளன. 1911ஆம் ஆண்டில் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட அக்கல் இன்று கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கின்றது. கடல் வணிகம் எத்தனை இனத்தவரை ஒரே கரையில் கூட்டியது என்பதை அது நமக்குச் சொல்கின்றது.

மூச்சடக்கியவரும் காற்றைச் சுமந்தவரும்

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த நம் முன்னோர், காலில் கல்லைக் கட்டி, மூச்சையடக்கி மூழ்கினர். ஒரு மூச்சு நிற்கும் நேரமே அவர்களுக்கு வாய்த்த வேலை நேரம். 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் குஸ்தோ, காஞ்ஞான் என்னும் இருவர் அமைத்த சுவாசக் கருவி இந்நிலையை மாற்றியது. சுழியோடி முதுகில் சுமக்கும் உருளையில் இருப்பது தனிப் பிராணவாயு என்று பலர் எண்ணுகின்றனர். பொதுவாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் காற்றே. அழுத்தி அடைக்கப்பட்ட காற்று. நீரின் அழுத்தத்திற்கு ஏற்ற அளவில் அதனை வாய்க்குத் தருவதே கருவியின் பணி.

1956ஆம் ஆண்டில் இலங்கையில் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் இக்கலையை இங்கு வளர்த்தவர்களுள் முக்கியமானவர்கள். 1961ஆம் ஆண்டில் தென்கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள கிரேட் பாசஸ் பாறைத்தொடரில், ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைச் சுமந்து மூழ்கிய கப்பலொன்றை வில்சன் குழுவினர் கண்டனர். அன்று தொடங்கிய ஆர்வமே பின்னர் முறையான கடலடித் தொல்லியலாக வளர்ந்தது.

மாலை வெள்ளி மறைந்த கதை

காலியில் ஆராயப்பட்ட கப்பல்களுள் புகழ் மிக்கது 'அவொண்ட்ஸ்டர்' என்னும் ஒல்லாந்தக் கப்பலாகும். அப்பெயருக்கு மாலை வெள்ளி என்பது பொருள். முன்னர் ஆங்கிலேயருடையதாயிருந்த இக்கப்பலை 1653ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1659 யூலை 2ஆம் நாள், சோழகக் காற்றுப் பருவத்தில், காலித் துறைமுகத்தில் நின்றிருந்த அது நங்கூரம் நழுவித் தரைதட்டி மூழ்கிப் போயிற்று.

1992ஆம் ஆண்டளவில் இலங்கை, அவுஸ்திரேலியா, ஒல்லாந்து ஆகிய நாடுகளின் அறிஞர்கள் இத்துறைமுகத்தின் அடித்தளத்தை ஆராயத் தொடங்கினர். 1625 என்னும் ஆண்டும், அன்பின் வெற்றியைக் கூறும் இலத்தீன் வாசகமும் பொறித்த வெண்கல மணியொன்று அக்காலத்தில் வெளிப்பட்டது. கரையிலிருந்து ஏறத்தாழ 80 மீற்றர் தொலைவில், ஐந்து மீற்றருக்கும் குறைந்த ஆழத்தில் அவொண்ட்ஸ்டர் கிடப்பதும் தெரிய வந்தது. 2001ஆம் ஆண்டு முதல் இலங்கையின் இளம் தொல்லியலாளர் பயிற்சி பெற்று, அதனை அகழ்ந்தனர். செங்கல்லால் கட்டிய கப்பலின் அடுப்பங்கரை, கயிறு, மரப்பீப்பாய்த் துண்டுகள் எனப் பல பொருள்கள் கிடைத்தன. மன்னரின் பொன்னைத் தேடுவோர்க்கு இவை அற்பமாகத் தோன்றலாம். எளிய மாலுமி எவ்வாறு சமைத்தான், எவ்வாறு வாழ்ந்தான் என்பதை இவற்றைவிடத் தெளிவாகச் சொல்லும் நூல் ஏது?

மரமும் கயிறும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் எவ்வாறு அழியாதிருந்தன என்று நாம் கேட்கலாம். கடலில் மரத்தைத் துளைத்துண்ணும் கப்பற்புழு என்பதொன்று உண்டு. புழுவென்று பெயர் பெற்றாலும், அது சிப்பியினத்தைச் சேர்ந்ததே. மணலுக்குள் ஆழப் புதைந்த பகுதியில் பிராணவாயு இல்லாமையால் அது வாழ இயலாது. ஆகவே மரம் தப்பிப் பிழைக்கின்றது. மணலுக்கு மேலே தலைகாட்டும் பகுதிகளைப் பாசியும் கடற்பஞ்சும் பவளமும் மூடிக் கொள்கின்றன. அவற்றின் இடுக்குகளில் அஞ்சாளையும் களவாயும் சிங்க இறாலும் குடிபுகுகின்றன. இவ்வாறு மாண்ட கப்பல் உயிர்களுக்கு வீடாகிறது.

மேலே கொணர்ந்த பின்னரே ஆபத்துத் தொடங்குகிறது. நீரில் ஊறிய மரத்தை வெயிலில் உலர்த்தினால், அது சுருங்கி வெடித்துப் போகும். மட்பாண்டத்தில் ஊறிய உப்பு உலரும்போது படிகமாகி அதனை உதிர்க்கும். இரும்போ காற்றுப் பட்டதும் விரைந்து துருப்பிடிக்கும். எனவே இவற்றைத் தொட்டிகளில் இட்டு, மாதக்கணக்கில், சிலவற்றை ஆண்டுக்கணக்கில் பக்குவப்படுத்த வேண்டும். அவ்வாறு பேணிய நிலையில்தான் 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காலியைத் தாக்கிற்று. கடலடித் தொல்லியற் பிரிவின் பணிமனையும் ஆய்வுக்கூடமும் அழிந்தன; 345 ஆண்டுகள் கடல் காத்துக் கொடுத்தவற்றுள் பலவற்றை அதே கடல் திரும்ப எடுத்துக் கொண்டது. அப்பிரிவினர் தளராது மீண்டும் பணியைத் தொடங்கினர். எஞ்சியவற்றுட் சிலவற்றைக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் கட்டிய பழைய பண்டசாலையில் காணலாம்.

சங்கு குளிப்போர் தந்த கொடை

காலிக்குக் கிழக்கே, வளவை கங்கையின் கழிமுகத்தருகே கொடவாய என்னும் மீனவர் சிற்றூர் உள்ளது. அங்குச் சங்கு குளிக்கும் மீனவர் இருவர், 30 மீற்றருக்குச் சற்று மிகுந்த ஆழத்தில் கல்லாலான சிறு பீடமொன்றையும் பானைகளையும் கண்டனர். அச்செய்தி தொல்லியலாளரை எட்டியது. நந்திபாதம், ஸ்ரீவத்சம், மீன் ஆகிய சின்னங்கள் பொறித்த அக்கல்லோடு, கண்ணாடிக் கட்டிகளும் இரும்பும் செம்பும் அங்கிருந்தன. கிறிஸ்துவுக்கு முற்பட்ட இரண்டாம் நூற்றாண்டுக்கும் பிற்பட்ட முதலாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது அக்கப்பல் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். இந்துமாக்கடற் பகுதியில் இதுவரை அறியப்பட்ட மூழ்கிய கப்பல்களுள் மிகப் பழையது இதுவே என்பர். கயபாகு மன்னன் கொடவாய துறைமுகத்தின் சுங்க வருமானத்தை விகாரைக்கு வழங்கியதைக் கூறும் கல்வெட்டும் அவ்வூரில் உள்ளது.

பல்கலைக்கழகம் செல்லாத இருவரின் கண்களே இச்செல்வத்தை முதலில் கண்டன. அவர்கள் அதனை உடைத்து விற்றிருந்தால், ஒரு வாரச் செலவுக்கு ஆகியிருக்கும். வரலாற்றின் ஓர் ஏடு என்றென்றைக்கும் கிழிந்திருக்கும்.

இத்தகைய சுழியோடிகளின் உயிரும் உடலும் நமக்குப் பொருட்டாக வேண்டும். 30 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பிலுள்ளதைப் போல் நான்கு மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் அங்கே குருதியிலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகின்றது. விரைந்து மேலெழுந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலிற் போல அது குமிழியாக வெளிப்பட்டு, மூட்டு வலியையும் முடக்குவாதத்தையும், சிலருக்கு மரணத்தையும் விளைவிக்கும். சங்கும் கடலட்டையும் தேடி ஒரே நாளில் பலமுறை மூழ்கும் இளைஞர், பயிற்சியின்றி இவ்வாறு நடை இழந்து வீட்டில் கிடப்பது கரையோரங்களில் நிகழும் துயரம். மெல்ல மேலெழுதல், இடையில் தங்குதல், மீண்டும் மூழ்குமுன் போதிய ஓய்வு கொள்ளுதல் ஆகியவற்றை அவர்களுக்குக் கற்பிப்பது அவசியம். வலியோ மரத்தலோ தோன்றினால், நாட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நூறாண்டுகளுக்கு மேல் நீருக்குள் கிடப்பவற்றை இயன்றவரை இருந்த இடத்திலேயே காக்க வேண்டும், விற்பனைப் பொருளாக்கக் கூடாது என்பது 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையின் நெறி. கரையோரப் பங்குகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதனை எளிதாகவே சொல்லலாம்: கடலடியில் பழம்பொருள் தென்பட்டால் அசைக்காதீர்கள், கரை அடையாளங்களைக் கொண்டு இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள், தொல்லியல் திணைக்களத்திற்கு அறிவியுங்கள். கொடவாய மீனவர் கண்டது நாட்டுக்கே உரிய செல்வமாயிற்று. நம் கடலிலும் அத்தகைய செல்வம் ஏதேனும் ஒருவர் கண்ணிற்படக் காத்திருக்கலாம்.