விராலின் மூச்சு

கடற்கரைக்கு வெகு தொலைவில், ஏரியையும் கண்மாயையும் நம்பி வாழ்கிறவர்களிடம், பிடிப்பதற்கும் உண்பதற்கும் உகந்த மீன் எதுவென்று கேட்டால், அயிரையின் ருசியைப் புகழ்வாரும் கெளுத்திக் குழம்பைச் சிலாகிப்பாரும் சிலர் இருப்பாரெனினும், பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் பெயர் விரால் என்பதாகவே இருக்கும். வரால் என்ற வடிவில் சங்கச் செய்யுட்களிலேயே இடம்பெற்றுவிட்ட இந்த மீன், தூண்டிற்காரனுக்கு ஒரு பந்தயமாகவும், வியாபாரிக்கு எளிதில் கெடாத சரக்காகவும், சமையற்கட்டுக்கு ஒரு விசேஷமாகவும் இன்றளவும் விளங்கி வருகிறது. இந்த மூன்று பெருமைகளையும் சற்றே ஆராய்ந்து பார்த்தால், அவற்றுக்கெல்லாம் மூலகாரணம் ஒன்றே என்பது புலப்படும்: விரால், தண்ணீரில் வாழ்ந்துகொண்டே நம்மைப் போல் காற்றைச் சுவாசிக்கிற பிராணி.

உருண்டு நீண்ட உடல். தலைக்குச் சற்றுப் பின்னே தொடங்கி வாலருகு வரையில் ஒரே நாடாவாக ஓடும் முதுகுத் துடுப்பு. அடிப்புறத்தில் அதற்கு இணையாக மற்றொரு துடுப்பு. மேலே சேற்றின் கருமை, கீழே வெண்மை, இரண்டும் சந்திக்கும் விலாவில் சாய்வாக இறங்கும் பட்டைக் கோடுகள். இவையே விராலின் அங்க அடையாளங்கள். தலையோ, தட்டையாகி, மேலே பெரிய செதில்கள் பதிந்து, அசப்பில் பாம்பின் தலையாகவே தோற்றும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவதாக விலாங்கைத்தான் நாம் ஏசுகிறோம். ஆனால் பாம்பின் தலையை மெய்யாகவே சுமந்து திரிவது விரால்தான். தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்னும் மிஷன் பாதிரியார் அனுப்பிய தென்னாட்டு மீன்கள் பலவற்றை ஆராய்ந்தவரும், பெர்லின் நகரத்து மருத்துவருமான பிளாக், 1793இல் இந்த மீனுக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியபோது, பாம்புத்தலை என்று பொருள்படும் சொல்லையும் கோடுகளைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்தே சூட்டினார். பிற்காலத்தில் முதற்சொல் மாறி, இன்று அது ‘சன்னா ஸ்ட்ரையேட்டா’ என்று வழங்குகிறது. உடலில் புள்ளிகள் கொண்ட சிறிய குறவையும், ஆழமான நீர்நிலைகளில் ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய அவுரியும் இதன் நெருங்கிய பங்காளிகள்.

இனி மூச்சின் விஷயத்துக்கு வருவோம். பொதுவாக மீன்கள், வாய்வழியே உட்கொண்ட நீரைச் செவுள்களின் வழியே வெளியேற்றி, அந்நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை மட்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. ஆனால் தண்ணீர், பிராணவாயுவைப் பொறுத்தமட்டில், மகா கருமி. 25 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகம் போனால் 8 மில்லிகிராம் அளவுக்கே அது கரைந்திருக்கும். அதே ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கோடையில் நீர் வற்றிச் சூடேறி, தழைகள் அழுகத் தொடங்கிய குட்டையில் அந்த எட்டும் இரண்டாக, ஒன்றாகக் குறைந்து, கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு செத்து மிதக்கும்போது, விரால் மட்டும் கவலையற்றுத் திரிவதன் ரகசியம் அதன் தலைக்குள் இருக்கிறது. செவுள்களுக்கு மேலே, தலையின் இரு பக்கத்திலும் ஒவ்வோர் அறை. அந்த அறைகளின் உட்சுவரில், இரத்த நாளங்கள் நெருங்கப் பின்னிய மெல்லிய மடிப்புச் சவ்வு. விரால் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை மேலே வந்து, பழைய காற்றைக் கழித்துவிட்டுப் புதிய காற்றை ஒரு மிடறு விழுங்கி, அந்த அறைகளில் நிரப்பிக்கொண்டு கீழே போய்விடுகிறது.

காற்றைச் சுவாசிப்பது அதற்கு ஒரு கூடுதல் வசதி என்று எண்ணிவிடலாகாது. அதுவே அதன் ஜீவாதாரம். வளர்ந்த விராலின் செவுள்கள் அதன் தேவை முழுவதற்கும் போதுமானவையல்ல. சென்னை ராஜதானியில் ராணுவ மருத்துவராக இருந்து, இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் இயற்றிய பிரான்சிஸ் டே, இத்தகைய மீன்களை மேற்பரப்புக்கு வரவொட்டாமல் தடுத்துச் சோதித்தவர்களில் ஒருவர். தெளிந்த தண்ணீரே ஆயினும், மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லாவிட்டால் விரால் மூச்சுத் திணறி மாண்டுபோகும். தண்ணீரில் மூழ்கிச் சாகக்கூடிய மீன் என்று ஒன்றைச் சொன்னால் குழந்தைகளும் சிரிப்பார்கள். ஆனால் அது நம் ஊர் ஏரியிலேயே இருக்கிறது.

இந்த மூச்சின் பலத்தினாலேயே, நீர் அடியோடு வற்றினாலும் விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, உடலைச் சுற்றிய வழுவழுப்பு காயாத வரையில், அடுத்த மழையை எதிர்பார்த்துச் சில மாதங்கள் கூடக் கிடக்கிறது. மழை பெய்த இரவுகளில், வரப்பின் ஈரப்புல்லின் மேல் உடலை வளைத்து வளைத்து நெளிந்து, ஒரு குட்டையை விட்டு மற்றொரு குட்டைக்குக் குடிபெயர்வதும் உண்டு. 1791இல் தரங்கம்பாடியில், குளத்தருகே இருந்த பனைமரத்தின் பட்டைப் பிளவில் ஒரு மீனைக் கண்டு பிடித்ததாக டால்டார்ப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிவைத்தாரே, அந்தப் பனையேறிக் கெண்டையும் காற்றறை படைத்ததே; விராலுக்குத் தூரத்து உறவே. இதற்கு நேர்மாறாக, கேரளத்துச் செம்பாறை நிலத்தின் அடியில் ஓடும் நீரில் வாழ்ந்து, 2019இல் உலகுக்கு அறிமுகமான ஒரு விசித்திர மீன், விராலின் கிளைக்குடும்பமாகக் கருதப்படினும், காற்றறை இல்லாதது. வானத்தையே காணாமல் நிலத்தடியில் காலம் கழிக்கும் அதற்கு அந்த அறையினால் ஆவதென்ன?

விராலைக் காப்பாற்றும் இதே மூச்சுத்தான் அதைக் காட்டியும் கொடுக்கிறது. தூண்டிற்காரன் கரையில் உட்கார்ந்தவுடன் இரையை வீசிவிடுவதில்லை. முதலில் நீரைப் பார்க்கிறான். ஆம்பல் இலைகளுக்கிடையே ‘களக்’கென்ற சிறு சப்தமும், அதைத் தொடர்ந்து ஒரு வளையமும், வளையத்தின் நடுவில் ஒரு குமிழியும் தோன்றினால், விரால் இருக்கும் இடமும், அது ஏறக்குறைய எத்தனை பெரியது என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு, சிறு தவளையின் முதுகுத் தோலில் முள்ளைக் கோத்து, அது நீர்மேல் உதைத்துக்கொண்டு நீந்தும்படி அந்த வளையத்துக்குச் சற்று அப்பால் விடுகிறான். மறைந்திருந்து ஒரே பாய்ச்சலில் கவ்வுவது விராலின் ஸ்வபாவம். கவ்வியதும் அது முதலில் நாடுவது கோரைப் புதரையும் வேர்க்கட்டையும்தான். அங்கே போய்க் கயிற்றைச் சுற்றிக்கொண்டுவிட்டால், மீனும் போயிற்று, முள்ளும் போயிற்று.

தூண்டிலைக் காட்டிலும் கோலாகலமானது, சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழா. அறுவடை முடிந்து, கண்மாய் முழங்காலளவு நீராகச் சுருங்கிய பின், ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் வந்து விடியற்காலையிலிருந்து காத்திருந்த ஜனத்திரள் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஒரே ஆரவாரத்துடன் உள்ளே பாயும். ஊத்தா என்பது, மேலே கழுத்துக் குறுகி, கீழே வாய் அகன்று, இரு பக்கமும் திறந்திருக்கும் குச்சிக்கூடை. அதைச் சேற்றில் ‘சதக்’கென்று குத்திவிட்டு, ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டிருந்தால் கூடையின் சுவரில் முட்டும். அந்த முட்டலின் கனம் உள்ளங்கைக்கு வந்து சேரும். கெண்டையின் முட்டல் படபடப்பானது. விராலின் முட்டல் ஒன்றே ஒன்று, ஆனால் கூடையையே பெயர்த்துவிடும்படி இருக்கும். பிறகு மேல்வாய் வழியே தோள்வரை கையை விட்டுத் துழாவி, வழுக்கும் உடலைப் பற்ற முயலாமல், தலையோரம் விரல்களைக் கொடுத்துச் சேற்றோடு அழுத்தித் தூக்குகிறவனே கைதேர்ந்தவன். இப்படிப் பிடித்த மீனை விற்கலாகாது, வீட்டில் சமைத்துச் சாமிக்குப் படைத்து உண்ண வேண்டும் என்பது பல ஊர்களில் இன்றும் கட்டுப்பாடு.

சந்தைக்கு வரும் விராலோ, அரையடித் தண்ணீருள்ள அகன்ற பாத்திரத்தில் உயிரோடு கிடக்கும். மற்ற மீன்களுக்கு ஐஸ் வேண்டும். இதற்கு ஈரம் போதும். சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த பின்பும் முற்றத்தில் துள்ளி விழுகிற மீனை வாங்குகிறவருக்கு, அதன் புதுமையைப் பற்றி எவரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அடுப்புச் சாம்பலை உடல் முழுதும் பூசினால்தான் வழுவழுப்பு அடங்கிக் கைக்குப் பிடி கிடைக்கும். அதன் பின்னர் சொரசொரப்பான கல்லில் தேய்த்துச் செதில் நீக்கித் துண்டு போடுவார்கள். கெண்டை இனங்களின் சதைக்குள் கவட்டைக் குச்சி வடிவில் எண்ணற்ற நுண்முட்கள் ஒளிந்திருக்க, விராலில் நடு எலும்பும் விலா எலும்புகளுமே பிரதானமாதலால், குழந்தைகளுக்கும் பயமின்றிக் கொடுக்கலாம். சதை இறுகியது, புளிக்கரைசலில் மாங்காய்த் துண்டுகளோடு மண்சட்டியில் கொதித்தாலும் குலையாது. நல்லெண்ணெய் மேலே மிதந்து வருமளவும் காய்ச்சி இறக்கிய குழம்பை அன்றே உண்பவர் பொறுமையில்லாதவர். இரவெல்லாம் ஊறி, காலையில் பழையசோற்றோடு சேரும்போதே அதன் முழு ருசி வெளிப்படும்.

தமிழ் நாட்டின் எல்லைக்கு அப்பாலும் விராலின் கீர்த்தி பரவியிருக்கிறது. தெலங்கானா தன் மாநில மீனாகத் தேர்ந்தெடுத்திருப்பது இதைத்தான். ஹைதராபாதில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், மிருகசீரிஷ கார்த்தியை ஒட்டி, ஆஸ்துமாவால் அவதிப்படுவோர் ஆயிரக்கணக்கில் திரண்டு, மருந்து வைத்த விரால் குஞ்சை உயிரோடு விழுங்குவதும் பலர் அறிந்த செய்தி. மூச்சுக்குத் திணறுகிறவர்கள் மூச்சுக்குப் பெயர்போன மீனைத் தேடிச் செல்வது வியப்பான பொருத்தமே, சிகிச்சையின் பலனை மருத்துவ விஞ்ஞானம் ஒப்பவில்லையெனினும். மலேசியாவில் ஹருவான் என்ற பெயரில், பிரசவித்தவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் புண் ஆறுவதற்கென்று இதன் சாற்றைக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவிலோ நிலைமை தலைகீழ். 2002இல் மேரிலாந்து மாநிலத்துக் கிராப்டன் என்ற ஊரில், ஒரு குட்டையில் யாரோ கொண்டுவந்து விட்ட சீன தேசத்து விரால் இனம் ஒன்று பெருகியிருக்கக் கண்டு, உள்நாட்டு மீன்களையெல்லாம் அது விழுங்கிவிடுமென்று அஞ்சி, குட்டைக்கே நஞ்சு கலந்து அழித்தார்கள். அதே ஆண்டில் உயிருள்ள விரால் இனங்களை இறக்குமதி செய்வதையும் தடை செய்தார்கள். வறட்சியிலும் சாகாதது, ஈரமிருந்தால் கரையிலும் பிழைப்பது என்று நாம் எந்தக் குணங்களைக் கொண்டாடுகிறோமோ, அவற்றையே அவர்கள் கண்டு நடுங்கினார்கள்.

இத்தனை முரட்டு மீனுக்கும் ஒரு மென்மையான பருவம் உண்டு. மழைக்காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து, கரையோரத்து ஆழமற்ற நீரில் தழைகளை விலக்கி ஒரு வட்டமான வெளியை அமைக்கின்றன. அங்கே இட்ட முட்டைகள், எண்ணெய்த்துளியின் உதவியால், தேன்நிற மணிகளாய் நீர்மேல் மிதந்து, ஒன்றிரண்டு நாட்களில் பொரிக்கின்றன. செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே மேகமாய்த் திரிய, பெற்ற மீன் அடியில் நிழல்போல் தொடர்ந்து, நெருங்குவது தவளையாயினும் மனிதன் காலாயினும் பாய்ந்து தாக்கும். பிற மீன் குஞ்சுகள் ஆழத்தில் ஒளிந்து உயிர் பிழைக்கலாம். விரால் குஞ்சுகளோ, காற்றறை உருவாகத் தொடங்கியவுடன், கொக்கும் நாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பரப்புக்கு மாறி மாறி வந்தே தீரவேண்டும். காவல் இல்லாமல் அவற்றுக்கு வாழ்வு இல்லை.

என் பாட்டனார் தூண்டிலோடு போகும்போதெல்லாம் சிறுவனாகிய நானும் கூடப் போவதுண்டு. ஒரு நாள், வானம் வெளுத்திருந்த வேளையில், ஏரியின் ஓர் ஓரத்தில் மட்டும் தூறல் விழுவது போல் நீர் பொடிப்பொடியாகக் குத்திட்டுக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன், மேகமில்லை. “மழையில்லேடா, குஞ்சு மூச்சு வாங்குது” என்றார் அவர். அந்த மேகத்தின் அடியில் பெரிய விரால் ஒன்று நிச்சயம் இருந்தது. முன்னால் எதை விட்டாலும் அது கோபத்தில் கவ்வியிருக்கும். அன்றைக்கு அதைவிடச் சுலபமான மீன் அந்த ஏரியிலேயே இல்லை. அவரோ, தவளையை முள்ளிலிருந்து கழற்றிப் புல்லில் விட்டுவிட்டு, கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.